பார்த்தவுடன் வாங்கத் தோன்றுவது ஏன்? கொலு பொம்மை சேர்ப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

புரட்டாசி நெருங்கினால் மதுரையில் கொலு வைக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு கட்டாயம் நடக்கும்: "இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கு மேல கிடையாது." சொல்பவர் நம்பித்தான் சொல்கிறார். ஆனால் பொம்மை செய்யும் விளாச்சேரிக்கோ கண்காட்சிக்கோ போய்விட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் மடியில் ஒரு பெட்டி, காலடியில் இரண்டு பெட்டி. வீட்டுக்கு வந்து பரணைத் திறந்தால் போன வருஷம் வாங்கிய வளைகாப்பு செட் பிரிக்காமலே கிடக்கிறது. படியில் இடம் இல்லை என்று அப்போதே ஓரமாக எடுத்து வைத்தது.

இதை ஊதாரித்தனம், மனக்கட்டுப்பாடு இல்லை என்றெல்லாம் சொல்லித் தன்னைத் தானே திட்டிக்கொள்வது வழக்கம். எனக்கு அந்தத் திட்டில் நம்பிக்கை இல்லை. மளிகைச் சாமானில் பத்து ரூபாய் கூடினால் கடைக்காரரிடம் நின்று கேட்கிற ஆட்கள்தான் பொம்மைக் கடை வாசலில் கரைந்துபோகிறார்கள், அவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் தலைக்குள் நடப்பது என்னவென்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தானாகக் குறையும். மீதிப் பாதிக்குக் கொலுவின் பழைய வழக்கங்களிலேயே வழி இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரு பொருள் வேண்டும் என்று மனசு இழுப்பது, அந்தப் பொருளை வைத்து ரசிப்பது, இரண்டையும் நாம் ஒன்றாகத்தான் நினைக்கிறோம். பிடித்ததால்தானே வேண்டும் என்று தோன்றுகிறது? ஆனால் மூளைக்குள் இவை இரண்டு தனித்தனி வேலைகள். இதை முதலில் பளிச்சென்று காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ். 1980களில் டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்றுதான் பல ஆய்வாளர்களும் நினைத்தார்கள் (இன்றைக்கும் பல யூடியூப் வீடியோக்களில் அப்படித்தான் சொல்கிறார்கள், அது வேறு கதை). பெரிட்ஜும் அவருடன் வேலை செய்தவர்களும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுக்க இல்லாமல் செய்து பார்த்தார்கள். அந்த எலிகள் சாப்பாட்டைத் தேடிப் போவதை நிறுத்திவிட்டன, பக்கத்திலேயே உணவு இருந்தும் தொடவில்லை. டோபமைன்தான் இன்பம் என்றால் அவற்றுக்கு இனி எதுவும் இனிக்கக் கூடாது இல்லையா? ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டதும் அவை எப்போதும்போல நாக்கை நீட்டி நக்கிச் சப்புக்கொட்டின. அதாவது ருசி அப்படியே இருக்கிறது, தேடிப் போக வைக்கும் இழுப்பு மட்டும் போய்விட்டது. பிறகு மறுபக்கமாகவும் பார்த்தார்கள். மூளையில் அந்த இழுப்புக்கான பகுதியைத் தூண்டினால் எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டன, ஆனால் ருசித்துச் சப்புக்கொட்டுவது மட்டும் அதிகமாகவில்லை.

இந்தக் கடைசி வரிதான் நமக்கு வேண்டியது. ரசனை துளிகூட ஏறாமல் இழுப்பு மட்டும் ஏறலாம்.

இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். ஆரம்பத்தில் சாறு வாயில் பட்டபோது அந்த நரம்பணுக்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. எதிர்பார்த்த சாறு எதிர்பார்த்த நேரத்தில் வந்தபோது தனியாகத் துடிப்பே இல்லை. கண்காட்சியில் சீரியல் லைட்டுக்குக் கீழே அடுக்கிவைத்த பொம்மை வரிசை, வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்து விழும் போட்டோ, இன்ஸ்டாகிராமில் யாரோ பெட்டி பிரிக்கும் ரீல்ஸ், இதெல்லாம் நமக்கு அந்த விளக்கு. வாங்குவதற்கு முன்னால் இருக்கும் படபடப்புதான் உச்சம். பணம் கொடுத்துப் பெட்டி கைக்கு வந்ததும் அது இறங்கிவிடும், வீடு வந்து சேரும்போது ஒரு மாதிரி மந்தமாக இருக்கும். அப்போது நாம் என்ன நினைக்கிறோம்? "சரியான பொம்மையை எடுக்கவில்லை போல, அந்த இன்னொன்றை எடுத்திருக்கலாம்." உடனே அடுத்த தேடல் தொடங்கிவிடுகிறது. பொம்மையில் குறை எதுவும் இல்லை, இழுப்பின் வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே வாங்கினால் ஆசை தீரும் என்று நினைப்பது சரியாக வராது. வாங்காமல் விட்டாலும் அந்த இழுப்பு இறங்கத்தான் செய்யும். விளக்கு கண்ணில் படாதவரை கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், திரும்பப் போய்ப் பார்த்தால் திரும்ப ஏறும். இதைத் தெரிந்துகொள்வதால் ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை குறைகிறது. "எனக்கு இது வேண்டாம், வேண்டாம்" என்று மந்திரம் போடுவதைவிட, "இப்போது இழுக்கிறது, சரி, இழுக்கட்டும்" என்று விட்டுவிட்டு ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வருவது நல்ல பலன் தரும்.

கடைக்காரர்களுக்கு இந்த விஷயம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. இழுப்பை ஏற்றுவதற்கு அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் "கடைசி ரெண்டு பீஸ்தான் இருக்கு" என்பது. 1975-ல் ஸ்டீபன் வோர்ச்செல் என்பவரும் அவருடைய சகாக்களும் பிஸ்கட் ஜாடியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குப் பத்து பிஸ்கட் இருந்த ஜாடியிலிருந்து ஒன்று, சிலருக்கு இரண்டே பிஸ்கட் இருந்த ஜாடியிலிருந்து ஒன்று. பிஸ்கட் ஒன்றேதான். இரண்டே இருந்த ஜாடியைப் பார்த்தவர்கள் அதை அதிகம் விரும்பத்தக்கது, விலை கூடியது என்று மதிப்பிட்டார்கள். ஆனால் ருசி எப்படி என்று கேட்டபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிட்ஜின் எலிக் கதை இங்கே மனிதர்களிடம் வேறு உருவில் வருகிறது பாருங்கள், இழுப்பு ஏறியது, ருசி ஏறவில்லை.

கொலு பொம்மை விஷயத்தில் "கடைசி பீஸ்" என்பது பெரும்பாலும் அர்த்தமே இல்லாதது. திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் பொம்மை செய்யும் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். தெருவோரம் வரிசையாகக் காயும் பொம்மைகள், திண்ணையில் உட்கார்ந்து கண் திறக்கும் ஆட்கள், உள்ளே சுவர் ஓரமாக அடுக்கிய அச்சுகள். அங்கே ஒரு பொம்மை என்பது ஓர் அச்சின் பிள்ளை. அச்சு இருக்கும்வரை அதே கிருஷ்ணர், அதே செட்டியார் அடுத்த வருஷமும் பிறப்பார்கள், வேண்டுமானால் வேட்டிக் கரை நிறம் மாறும். ஒரு செட்டைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் அங்கே ஓர் அம்மா சொன்னது: "யோசிச்சுட்டே வாங்கக்கா, அச்சு எங்க போயிரப் போகுது?" பொம்மை விற்பவர் வாயிலிருந்தே இப்படி வந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நேரில் செய்பவரிடம் வாங்குவதில் இது ஒரு லாபம். இது எப்போது கிடைக்கும், திரும்பச் செய்வீர்களா, உடைந்தால் இதே ஜோடி கிடைக்குமா என்று கேட்கலாம். கேட்டதும் அவசரம் பாதி வடிந்துவிடும். கையால் ஒரே ஒரு தடவை வனைந்த உருவம், பழைய தஞ்சாவூர் வீட்டிலிருந்து வந்த பொம்மை என்பதெல்லாம் வேறு, அவை உண்மையிலேயே அரிதானவை. ஆனால் நாம் தூக்கிக்கொண்டு வருவதில் அவை எத்தனை?

பணம் கொடுக்கும் விதமும் சேர்ந்துகொள்கிறது. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆசிரியர்கள் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். பணமாகத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்குத் தொகை வரை கேட்டார்கள். நம் ஊரில் 2016-ல் யுபிஐ வந்த பிறகு கார்டுகூடத் தேவையில்லை, க்யூஆர் கோடைப் பார்த்து போனை நீட்டினால் முடிந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள் கையை விட்டுப் போகும்போது வரும் ஒரு சின்ன வலி அதில் இல்லை. பொம்மை வாங்கப் போகும்போது மட்டும் ஜிபேயை மறந்துவிட்டு, நினைத்த தொகையை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய காலத்து ஆட்கள் இடுப்புச் சுருக்குப் பையில் முடிந்துகொண்டு போனதும் இதே தொழில்நுட்பம்தான்.

அப்புறம் இந்த செட் விவகாரம். கொலு சேர்ப்பவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தனிப் பொம்மை இல்லை. கல்யாண செட் வாங்கினால் நாதஸ்வர செட் இல்லாமல் எப்படி? நாதஸ்வரம் வந்தால் பந்தி செட் வேண்டாமா? பந்தி வந்த பிறகு ஐந்து படி போதவில்லை. கொலுவில் படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பதால் ஆறு வைக்க முடியாது, நேராக ஏழு, ஏழுக்குப் புது ஸ்டீல் ஸ்டாண்டு, அதற்கு அளவான புது விரிப்பு, பழைய சீரியல் லைட்டு நீளம் பத்தாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி டிதெரோ 18-ம் நூற்றாண்டிலேயே இப்படி மாட்டிக்கொண்டு புலம்பியிருக்கிறார். அழகான புது அங்கி ஒன்று வந்தது, அதன் பக்கத்தில் பழைய நாற்காலி, பழைய மேசை எல்லாம் மட்டமாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார். மானுடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-ல் இந்தப் போக்குக்கு 'டிதெரோ விளைவு' என்றே பெயர் வைத்தார். ஒரு பொம்மையின் விலையைப் பார்க்கும்போது, அதன் பின்னால் இழுத்துக்கொண்டு வரப்போகிற வரிசையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நானூறு ரூபாய் மாப்பிள்ளை தனியாக வரமாட்டார், சம்பந்தி வீட்டாரோடுதான் வருவார்.

இவ்வளவும் சொன்னதை வைத்து வாங்கவே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வருஷத்துக்குப் புதிதாக ஒரு பொம்மையாவது வைக்க வேண்டும் என்பது பல வீடுகளில் உள்ள பழக்கம், எனக்கு அது பிடித்த பழக்கம். விளாச்சேரிக் குடும்பங்களுக்கு விநாயகர் சதுர்த்தியும் நவராத்திரியும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலும்தான் விற்பனைக் காலம். அந்தப் பழக்கத்தில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஒன்று என்று எண்ணிக்கை இருந்தால் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நின்று பார்க்க வேண்டும். மூக்கும் முழியும் சரியாக இருக்கிறதா, வண்ணம் வழிந்திருக்கிறதா, களிமண்ணா காகிதக்கூழா, எடை எவ்வளவு, பின்பக்கம் பூச்சு எப்படி, இதெல்லாம் ஒரே பொம்மை வாங்கப் போனவர் பார்ப்பார். பத்து வாங்குபவர் பார்க்க மாட்டார். நான்கு மலிவுப் பொம்மைக்கான பணத்தில் ஒரு நல்ல பொம்மை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வேன்.

சரி, பார்த்தது இழுப்பா, உண்மையிலேயே பிடித்துப்போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்த எளிய வழி, போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுவது. வீட்டில் ஒரு நோட்டில் பொம்மை பெயர், பார்த்த தேதி, விலை மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு போட்டோவைப் பார்க்காமலே இருங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, சமையலின்போதோ பஸ்ஸில் போகும்போதோ அந்தப் பொம்மை தானாக ஞாபகத்துக்கு வந்து, அதை எந்தப் படியில் யாருக்குப் பக்கத்தில் வைப்போம் என்று கற்பனை ஓடினால், அதை வாங்குவதில் தப்பில்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்து "ஓ, இதையா எழுதினோம்" என்று தோன்றினால் அதோடு விட்டுவிடலாம். இதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்ப வேண்டும் என்பது உண்மை. நவராத்திரிக்கு முந்தின நாள் மாலை போய் நின்றால் எந்த நோட்டும் உதவாது.

கடையில் நிற்கும்போது கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி மட்டும் போதும்: இதை எந்த இடத்தில் வைப்பேன்? "எங்கேயாவது வைத்துக்கொள்ளலாம்" என்பது பதில் இல்லை. மூன்றாம் படி, கிரிக்கெட் செட்டுக்கும் தவில்காரருக்கும் நடுவில் என்று சொல்ல முடிந்தால் அது பதில்.

இனி நிறைவு பற்றி. இருப்பதை வைத்துத் திருப்திப்படு என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் எப்படி என்று யாரும் சொல்வதில்லை. எதுவும் தினமும் கண்ணெதிரே இருந்தால் பழகிப்போகும், பழகியது கண்ணில் படாது. ஷோகேஸில் வருஷம் முழுக்க நிற்கும் பொம்மையை வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கொலு பொம்மைக்கு அந்தக் கதி வராமல் இருப்பதற்குக் காரணம், ஒன்பது பத்து நாள் ஆனதும் அது பெட்டிக்குள் போய்விடுகிறது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் பழைய வேட்டித் துணியில் சுற்றி, செய்தித்தாள் திணித்துப் பரணில் ஏற்றினால் அடுத்த புரட்டாசிக்குத்தான் இறங்கும். இறக்கிப் பிரிக்கும்போது கவனியுங்கள், "அட, இது இருக்குல்ல!" என்ற குரல் வராத வீடு இல்லை. ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள் 2013-ல் இதற்கு ஒப்பான ஒன்றைச் சாக்லேட்டில் சோதித்தார்கள். ஒரு வாரம் சாக்லேட்டே தொடாமல் இருந்தவர்கள், வேண்டிய அளவு தின்றுகொண்டிருந்தவர்களைவிட, வாரக் கடைசியில் கொடுத்த சாக்லேட்டை அதிகம் ரசித்தார்கள். நம் பாட்டிகள் பொம்மையைப் பத்திரப்படுத்தத்தான் பெட்டியில் போட்டார்கள், ரசனையும் சேர்ந்து பத்திரமானது. பேனா, நாணயம், வாட்ச், சின்ன கார் என்று வேறு எது சேர்த்தாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாதியை உள்ளே வைத்துவிட்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லாமல் புதுச் சரக்கு வந்த மாதிரி இருக்கும்.

இருக்கும் பொம்மைகளை வேறு கதைக்குள் கொண்டுபோவது அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மதுரையில் இருந்துகொண்டு சித்திரைத் திருவிழாவைக் கொலுவில் வைக்காமல் எப்படி? நீலத் துணியை வைகையாக விரித்து, கரையில் மணல் தூவி, கிராமத்து செட்டிலும் சந்தை செட்டிலும் இருக்கும் எல்லோரையும் கூட்டமாக நிறுத்தி, நடுவில் குதிரை மேல் ஒரு பெருமாளுக்குப் பச்சைப் பட்டுத் துண்டைச் சுற்றினால் அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். காய்கறிக்காரப் பொம்மை இப்போது நீர்மோர்ப் பந்தல் நடத்துகிறது. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படியின் முன்னால்தான் நிற்பார்கள். கேழ்வரகையும் கடுகையும் தூவி முளைக்கவிட்டுப் பார்க் போடுவது பழைய வேலை, பிள்ளைகளை அதில் இறக்கிவிட்டால் கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கும் நச்சரிப்பும் குறையும். மரப்பாச்சிக்கு ரவிக்கைத் துணி வெட்டுவில் புது உடுப்பு தைப்பது, உதிர்ந்த மூக்குக்கு வண்ணம் தொட்டு வைப்பது எல்லாம் கை வேலைதான். கை பட்ட பொம்மை வேறு மாதிரி நெருக்கமாகிவிடும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் யார் கொடுத்தது, எந்த வருஷம், எந்த ஊர் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைக்கச் சொல்வேன். தாம்பூலம் வாங்க வருபவர் "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டால் சொல்ல ஒரு கதை வேண்டாமா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடன் வாங்கி வாங்குவது, வீட்டில் பில்லை ஒளித்து வைப்பது, வாங்காவிட்டால் தூக்கமே வரவில்லை என்பது வரை போயிருந்தால் நோட்டு, கவர் என்று நான் சொல்வதெல்லாம் போதாது. மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது, ஏற்கெனவே கூடிப்போனவற்றை என்ன செய்வது என்பது. கையை விட்டுக் கொடுப்பது வாங்குவதைவிடக் கஷ்டம், இதற்கும் காரணம் உண்டு. ரிச்சர்டு தேலரும் (2017-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்) டேனியல் கானமனும் ஜாக் நெட்ச்சும் 1990-ல் வெளியிட்ட சோதனையில், சாதாரணக் காபிக் கோப்பையைச் சும்மா பரிசாகப் பெற்றவர்கள் அதை விற்க, வாங்க நினைத்தவர்கள் தர இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். நம்முடையது என்று ஆனதுமே எதற்கும் மதிப்பு ஏறிவிடுகிறது. அதனால் "இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டால் மனசு எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லும். "இது இன்று கடையில் இருந்தால் வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் சட்டென்று வரும். பரம்பரையாக வந்த மரப்பாச்சியையும் முதல் கலசத்தையும் இந்தக் கேள்விக்குள் கொண்டுவர வேண்டாம், அவை தனி. மற்றதில் இரட்டையாக இருப்பது, இரண்டு வருஷமாகப் படி ஏறாதது, இவற்றை எடுத்து, புதிதாகக் கல்யாணமாகி மூன்று படியில் முதல் கொலு வைக்கப் போகும் பெண் யாராவது தெருவில் இருந்தால் கொடுத்துவிடுங்கள். செட்டாக இருந்தால் பிரிக்காமல் கொடுங்கள், இல்லையென்றால் அந்தப் பெண் மாப்பிள்ளைக்குப் பொண்ணு தேடி அடுத்த வாரமே விளாச்சேரி கிளம்ப வேண்டியிருக்கும். அட்டைப் பெட்டியையும் சுற்றின துணியையும் சேர்த்தே கொடுங்கள், பத்து நாளில் அவர்களும் மூட்டை கட்ட வேண்டும்.